பன்னீர்ச் செம்பு வைத்த மேட்

மாவட்டச் சதுரங்கப் போட்டியைக் கழகம் எப்போதும் கல்யாண மண்டபத்தில்தான் வைத்தது. ஆட்டங்களைவிடப் பந்திக்கு அதிக நேரம் பிடிக்கும் என்பதுதான் காரணம். ஈரோட்டுப் பெருந்துறைச் சாலை வள்ளியம்மை மகாலில் அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் நடந்தது. கீழ்த்தளத்தில் ரவா கேசரி, வெண்பொங்கல், வடை. மேல்தளத்தில் வரிசையாகப் பலகைகள். ஒவ்வொரு பலகையிலும் இரண்டே காய்கள்: ஒரு வெள்ளை ராஜா, ஒரு கறுப்பு ராஜா. மற்ற முப்பது காய்களுக்கும் வேலை போய் ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு துலா வந்தது. துலா ஒரு கணிப்பு இயந்திரம். எதிரெதிரே உட்காரும் இரண்டு பேரின் பழைய ஆட்டங்களையும், தூக்கத்தையும், நாடித் துடிப்பையும் எடைபோட்டு ஆளுக்கொரு ரேட்டிங் கொடுக்கும். ரேட்டிங் அதிகம் உள்ளவர் வெல்வார். தொடக்கத்தில், கணிப்பையும் ஆட்டத்தின் முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒருமுறைகூடப் பிசகவில்லை. பிறகு கழகத்தின் பொதுக்குழுவில் ஒருவர் எழுந்து, "முடிவு தெரிஞ்சதுக்கப்பறம் எதுக்குங்க நாலு மணி நேரம் ஏசியப் போட்டுட்டு உக்காந்திருக்கோணும்?" என்று கேட்டார். ஆட்டம் நின்றது. ஆட்டம் நின்றதால் துலா தவறுவதற்கான வழியும் நின்றது. துலா இதுவரை தவறியதே இல்லை என்று கழகத்தின் ஆண்டறிக்கை ஒவ்வோர் ஆண்டும் பெருமைப்பட்டுக்கொண்டது.

சதுரங்கத்தில் தேறிய இயந்திரத்தை மற்றவர்கள் சும்மா விடவில்லை. எந்தக் கடன் திரும்பி வரும், எந்த மாணவன் தேறுவான், ஜாமீனில் விட்டால் யார் ஓடிவிடுவார் என்பதையெல்லாம் இப்போது அதே துலாதான் சொல்லிக்கொண்டிருந்தது. சம்பந்தம் பேச வருகிறவர்களும் ஜாதகத்தோடு ரேட்டிங்கையும் கேட்டார்கள்.

பலகையில் மிஞ்சியது ஒரு சடங்கு மட்டும். ஆட்டம் முடிந்ததும் இரண்டு ராஜாக்களையும் நடுவில் கொண்டுவந்து வைப்பது பழைய வழக்கம். இரண்டும் வெள்ளைக் கட்டங்களில் நின்றால் வெள்ளைக்கு வெற்றி, கறுப்புக் கட்டங்களில் நின்றால் கறுப்புக்கு வெற்றி. மின்பலகை அதைப் படித்து முடிவைப் பதிந்துகொள்ளும். இப்போது ஆட்கள் உட்கார்ந்ததுமே எந்தக் கட்டங்களில் வைக்க வேண்டுமோ அவை அடியிலிருந்து பச்சையாக ஒளிர்ந்தன. ஒளிரும் இடத்தில் ராஜாவை வைக்க வேண்டும். மணி அடிக்கும். கைகுலுக்கிவிட்டு அடுத்த பலகைக்குப் போக வேண்டும். ஆறு சுற்றுகளும் கேசரி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

அன்று முதல் சுற்றில், ஏழாம் மேசையில் உட்கார்ந்திருந்த பெண் ராஜாவைத் தொடாமல் கையை உயர்த்தினாள். பெயர் தமயந்தி. ரேட்டிங் ஆயிரத்து நானூற்றுச் சொச்சம். தலைமை நடுவர் செங்கோட்டுவேலு, வாயில் வடையோடு வந்தார்.

"சார், எனக்குக் காய் வேணுங்க."

"இருக்குதுங்களே. ரெண்டு."

"மீதி முப்பதும் வேணுங்க."

"எதுக்கு அம்மிணி?"

"ஆடறதுக்குத்தானுங்க."

செங்கோட்டுவேலு சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து வடையை விழுங்கினார்.

"ஆடிப் பார்க்கும் உரிமைன்னு விதி இருக்குதுங்க. யார் வேணாக் கேக்கலாம்னு போட்டிருக்குது. நீங்க இன்னும் ரத்து பண்ணல" என்றாள்.

"பண்ணலீங்க. எவனும் கேக்க மாட்டான்னு அப்படியே உட்டுட்டோம்."

எதிரே வெள்ளை ராஜாவோடு உட்கார்ந்திருந்தவர் அமிர்தகணேசன். ரேட்டிங் இரண்டாயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு. மாவட்டத்தில் அதற்கு மேல் யாருக்கும் இல்லை. சொந்தமாகப் பயிற்சி மையம் நடத்தினார். ராஜாவைச் சத்தம் வராமல் வைப்பது, கையை எவ்வளவு அழுத்திக் குலுக்குவது, தோற்பவர் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது எல்லாம் அங்கே பாடம். வாசல் பலகையில் 'தோல்வியே அறியாதவர்' என்று எழுதியிருந்தது. ஏழு ஆண்டுகளாக அது பொய்யும் இல்லை.

"உங்களுக்கு என்னங்க அம்மிணி இதுல?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"என்ற வேலைங்க. நிழல்மர வாரியத்துல இளநிலை உதவியாளர். விளையாட்டுக் கோட்டாவுல போனவ. ஏழு வருசமா டெம்பரவரிங்க. பெர்மனன்ட் ஆகோணும்னா, தன்னைய விட எச்சு ரேட்டிங் இருக்கற ஒருத்தரை ஒருக்காவாச்சும் ஜெயிச்சிருக்கோணும். துலாவுக்கு முந்தி போட்ட விதி. அதய மாத்தவே இல்லீங்க."

"அப்ப ஏழு வருசமா ஒருத்தரும் பெர்மனன்ட் ஆகலியா?"

"ஒருத்தரும் ஆகலீங்க. வாரியத்துக்கு அந்த விதி ரொம்பப் புடிச்சுப்போச்சு."

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள்.

"இந்த மாசக் கடைசியோட டெம்பரவரி அத்தனை பேரையும் நிறுத்தறாங்க. வீட்டுக்காரரு பட்டறையும் மூடிட்டாங்க. அதுதானுங்க."

"நீங்க ஜெயிக்க மாட்டீங்களே, அம்மிணி."

"தெரியுமுங்க. தோத்துப் பாத்துட்டுப் போறனே. இந்த ஏழு வருசத்துல ஆடித் தோத்ததே இல்லீங்க."

அமிர்தகணேசன் அவளையே பார்த்தார். அப்புறம் நடுவரிடம் திரும்பி, "வேலு, காய் எடுத்துட்டு வா" என்றார்.

காய்கள் சுலபத்தில் கிடைக்கவில்லை. கழகம் தன் காய்களையெல்லாம் எப்போதோ பழைய சாமான்காரனுக்குப் போட்டிருந்தது. கடைசியில், மண்டப அலுவலக மேசையின் ஆடும் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்த ஒரு மரப்பெட்டி அகப்பட்டது. பெட்டியை உருவியதும் மேசை சாய்ந்தது. உள்ளே ஒரு கறுப்புக் குதிரை மட்டும் இல்லை. மேலாளர் தேடித் துழாவி, வரவேற்பு மேசையிலிருந்து ஒரு சின்ன பன்னீர்ச் செம்பைக் கொண்டுவந்தார். "சாயங்காலம் ரிசப்ஷன் இருக்குதுங்க. அதுக்குள்ள குடுத்துருங்க."

அந்தப் பலகையில் கறுப்புப் படைக்கு ஒரு குதிரையும் ஒரு பன்னீர்ச் செம்பும் நின்றன. மின்பலகை அதைக் கண்டுகொள்ளவில்லை. ராஜாக்களைத் தவிர வேறெதையும் படிப்பதை அது செலவைக் குறைப்பதற்காக எப்போதோ நிறுத்தியிருந்தது. நடுவில் இரண்டு வெள்ளைக் கட்டங்கள் மட்டும் பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்தன: அமிர்தகணேசனுக்கு வெற்றி.

கூட்டம் கூடியது. எப்படிப் பார்ப்பது என்று பலருக்கும் தெரியவில்லை.

"யாரு ஜெயிப்பாங்கன்னுதான் தெரியுமே, என்னத்தப்பா பாக்கறீங்க?"

"எப்படி ஜெயிக்கறாங்கன்னு பாக்கறோம்."

"அதத் தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?"

"ஏங்க, உங்களுக்குப் பந்தி போட்டாச்சு, போய் உக்காருங்க."

மற்ற சுற்றுகள் இவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. இருவரும் அடுத்தடுத்து யாரிடம் என்ன செய்வார்கள் என்பது துலாவுக்குத் தெரிந்திருந்ததால், அவர்களுக்கும் சேர்த்தே ஆறு சுற்றும் முடிக்கப்பட்டன. அமிர்தகணேசன் மாவட்டச் சாம்பியன் என்று சுவர்த்திரையில் பூச்சரம் சுற்றிய படத்தோடு அறிவிப்பு வந்தபோது, அவர் பன்னிரண்டாவது நகர்த்தலுக்கு என்ன செய்வதென்று தாடையைச் சொறிந்துகொண்டிருந்தார். கைதட்டல் கேட்டு நிமிர்ந்தவர், "கொஞ்சம் சத்தம் போடாம இருங்கப்பா" என்றார்.

அவர் நன்றாகத்தான் ஆடினார். தொடக்கம் மறக்கவில்லை. சிப்பாயைத் தள்ளிவிட்டு அந்தக் கையையே ஒருமுறை பார்த்துக்கொண்டார். தமயந்தியின் யானை ஒன்று போனது. அவள் புடவைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்தாள். மதியச் சாப்பாட்டு வேளைகளில் டிபன் பாக்ஸ் மூடியில் கட்டம் வரைந்து தன்னோடு தானே ஆடிப் பழகியவள் அவள். அங்கே யானை போனாலும் எதிரணி யானையும் அவளுடையதுதான். இங்கே போனது போனதுதான்.

வெல்வது உறுதி என்று தெரிந்தவன் எப்படி ஆடுவானோ, அமிர்தகணேசன் கடைசிப் பகுதியில் அப்படி ஆடினார். அவளுடைய ஓரத்துச் சிப்பாய்களை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே போனார். அவருடைய ராஜா மூலையில் பத்திரமாக இருந்தது. முன்னால் இரண்டு சிப்பாய்கள். அந்த மூலைக்குப் பன்னீர்ச் செம்பு மெல்ல வந்து சேர்ந்ததை அவர் பார்த்தார், பொருட்படுத்தவில்லை. அப்புறம் தமயந்தி தன் ராணியை எடுத்து, அவருடைய ராஜாவுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்தாள்.

"அம்மிணி, ராணி போயிருமே" என்றார் யாரோ பின்னாலிருந்து.

"பேசக் கூடாதுங்க" என்றார் செங்கோட்டுவேலு.

ராஜாவால் அதை வெட்ட முடியாது. செம்பு காவல் நின்றது. யானையால் வெட்டலாம். வெட்டுவதைத் தவிர வேறு வழியும் இல்லை. அமிர்தகணேசன் யானையால் ராணியை வெட்டினார். இப்போது ராஜாவுக்கு ஒரு பக்கம் யானை, முன்னால் இரண்டு சிப்பாய்கள். எல்லாம் அவருடையவைதான். தமயந்தி பன்னீர்ச் செம்பின் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, குதிரைபோல் ஒரு தாண்டு தாண்டி வைத்தாள். உள்ளே மிச்சமிருந்த பன்னீர் இரண்டு சொட்டுப் பலகையில் தெறித்தது.

"செக்குங்க."

அமிர்தகணேசன் ராஜாவை நகர்த்தக் கையை நீட்டினார். இடம் இல்லை. கையை மடக்கிக்கொண்டார். திரும்பவும் நீட்டினார். அப்போதும் இடம் இல்லை.

"மேட்" என்றார். "அட, மேட்டேதான்!"

அவர் எழுந்து நின்று கையை நீட்டினார். அவள் குலுக்கினாள். அப்புறம் இருவரும், ஏழு ஆண்டுகளாகச் செய்துவந்ததைச் செய்தார்கள். அவர் வெள்ளை ராஜாவை எடுத்தார். அவள் கறுப்பு ராஜாவை எடுத்தாள். நடுவில் பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்த இரண்டு வெள்ளைக் கட்டங்களில், சத்தம் வராமல், வைத்தார்கள்.

மணி அடித்தது. திரையில் வெள்ளைக்கு வெற்றி என்று வந்தது. கூட்டம் கைதட்டியது. மேட்டைக் கண்ணால் பார்த்தவர்களும் தட்டினார்கள். தமயந்தியும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்தினாள்.

"ஐயோ" என்றாள். "சார்! ராஜாவ மாத்தி வெச்சுட்டோமுங்க!"

செங்கோட்டுவேலு நெற்றியில் கைவைத்தார். "மணி அடிச்சிருச்சே, அம்மிணி."

"நீங்களும் பாத்துட்டுத்தானுங்க நின்னீங்க!"

"பாத்தனுங்க. நான் பாத்தது கணக்குல வராது. பலகை பாத்ததுதான் வரும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒரே ஒரு வழி இருக்குது. பரிசு குடுக்கறதுக்கு முந்தி, ரெண்டு பேரும் மேடையேறி மைக்குல முடிவு தப்புன்னு சொல்லோணும். ஜெயிச்சதாப் பதிவான ஆளு, நான் தோத்துட்டேன்னு வாயால சொல்லோணும்."

எல்லோரும் அமிர்தகணேசனைப் பார்த்தார்கள். அவர் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற காய்கள் நின்ற இடத்திலேயே நின்றன. செம்பு மட்டும் வெயிலில் மின்னியது.

பரிசளிப்பு, சாப்பாட்டுக்குப் பிறகு. அதற்குள் துலா முகமையிலிருந்து ஆள் வந்துவிட்டார். பெயர் ரிஷிகேஷ். இளைஞர். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். எல்லோரையும் வணங்கினார். மணமக்கள் அறை என்று எழுதியிருந்த அறைக்குள் ஆடிய இருவரையும் நடுவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, கதவைச் சாத்தினார். உள்ளே கண்ணாடியைச் சுற்றிச் சரவிளக்குகள். யாரோ விட்டுப்போன மருதாணி வாசம்.

"முதல்ல மேடத்துக்கு வாழ்த்துகள்" என்றார். "ரொம்ப அழகான மேட்னு சொன்னாங்க. ஆனா சட்டப்படி அது மேட் இல்ல. பன்னீர்ச் செம்பு சதுரங்கக் காய்ல வராது."

"அந்தச் செம்பு மொதல்லருந்தே இருந்துச்சுங்களே" என்றாள் தமயந்தி. "அது காவல் நின்னதாலதான் அவரு ராஜாவால என்ற ராணிய வெட்ட முடியாமப் போச்சு."

"ஆமாங்க" என்றார் அமிர்தகணேசன். "குதிரைன்னு ஒத்துக்கிட்டுத்தான் ஆடினேன்."

ரிஷிகேஷ் தலையாட்டினார். "சரி, அத விட்ருவோம். சாருக்கு இன்னிக்கு உடம்பு சரியில்லன்னு வெச்சுக்கலாமா?"

"நல்லாத்தான் இருக்குது. பொங்கல் ரெண்டு தடவ வாங்கினேன்."

"சார், நான் ஏன் கேக்கறேன்னா" என்று அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "இது ஒரு ஆட்டம். ஒத்துக்கறேன். ஆனா துலா ஒண்ணுதான். கடன் குடுக்கறதும் அதுதான், காலேஜ் சீட்டு குடுக்கறதும் அதுதான். குறைஞ்ச ரேட்டிங் ஒருத்தர் ஒருதடவ ஜெயிச்சா, நாளைக்குக் கடன் மறுக்கப்பட்டவன் என்ன கேப்பான்? நானும் ஜெயிச்சிருப்பேன்ல, எனக்கு ஏன் காய் குடுக்கலன்னு கேப்பான். ஜாமீன் கிடைக்காம உள்ள இருக்கறவன் கேப்பான். பொண்ணு குடுக்காம திருப்பி அனுப்பினவன் கேப்பான். இத்தனை பேருக்கு எங்ககிட்ட காய் இல்ல சார்."

"அவங்களெல்லாம் கேக்கறது தப்புங்களா?" என்றாள் தமயந்தி.

"தப்புன்னு சொல்லல மேடம். சிரமம்னு சொல்றேன்."

ரிஷிகேஷ் அமிர்தகணேசன் பக்கம் திரும்பினார்.

"நீங்க பொய் சொல்ல வேண்டாம். சும்மா இருந்தாப் போதும். கோப்பைய வாங்கிட்டு வீட்டுக்குப் போங்க. உங்க மையத்து வாசல்ல என்ன எழுதியிருக்கு? தோல்வியே அறியாதவர். நாளைக்கு அந்த போர்டுல என்ன எழுதுவீங்க? அதப் பாத்துத்தான பெத்தவங்க பிள்ளைங்கள விடறாங்க?"

"அதப் பாத்துத்தானுங்க."

"அப்ப யோசிங்க."

அமிர்தகணேசன் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். அத்தனை விளக்கு வெளிச்சத்தில் எவர் முகமும் கொஞ்சம் மாப்பிள்ளைக் களை பெற்றுவிடும். "தம்பி, ஏழு வருசத்துல எனக்குன்னு நடந்தது இது ஒண்ணுதானுங்க" என்றார். "ஜெயிச்சதெல்லாம் எனக்கு ஞாபகமே இல்ல. எந்த ஊரு, எந்த ஆளு, ஒண்ணும் தெரியாது. ஆனா இந்த அம்மிணி ராணியக் கொண்டாந்து பக்கத்துல வெச்சாங்க பாருங்க, அப்ப அடுத்தது என்னன்னு தெரியாம உக்காந்திருந்தேன். அதய எப்படிங்க இல்லன்னு சொல்றது?"

சாப்பாட்டுக்குப் பிறகு அவர் மேடையேறினார். மேடையை ரிசப்ஷனுக்காக ஜோடித்துக்கொண்டிருந்தார்கள். மணமகள் பெயரின் முதல் எழுத்து ரோஜாவில் பாதி முடிந்திருந்தது. மைக்கைப் பிடித்து, "நான் தோத்துட்டேன்" என்றார். திரும்பவும், உரக்க, "ஏழாம் மேசையில நான் தோத்துட்டேனுங்க. தமயந்தி ஜெயிச்சாங்க. ராஜாவ நாங்க பழக்கதோசத்துல மாத்தி வெச்சுட்டோம்" என்றார்.

"ஆமாங்க" என்றாள் தமயந்தி, மைக் எட்டாமல்.

கூட்டம் கைதட்டுவதா வேண்டாமா என்று திரையைப் பார்த்தது. அங்கே பச்சை வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் கறுப்புக்கு வெற்றி என்று மாறியது. ரிஷிகேஷ் தன் மடிக்கணினியை மூடிக்கொண்டு புன்னகையோடு வந்து அவளுக்குக் கைகொடுத்தார். பூ ஜோடிக்கிறவர் அதற்குள் ஏழாம் மேசைக்குப் போய் மேட் வைத்த செம்பை எடுத்துக்கொண்டு, "மாப்ளை வூட்டுக்காரங்க வந்தாச்சுங்க" என்று ஓடினார்.

திங்கட்கிழமை தமயந்தி வெற்றிச் சான்றிதழோடு வாரியத்துக்குப் போனாள். கண்காணிப்பாளர் ஜெயமணி அவளுக்கு நல்லவர்தான். டிபனில் பாதி கொடுப்பவர். சான்றிதழை ஒருமுறை படித்தார். கணினியில் எதையோ பார்த்தார். திரும்பவும் படித்தார்.

"தமயந்தி, இதுல ஒரு சங்கடம் இருக்குது."

"என்னங்க்கா?"

"உன்னைய விட மேல இருக்கற ஆள ஜெயிக்கோணும்னு ரூலு. அமிர்தகணேசன் உனக்குக் கீழதான இருக்காரு."

"அவரு ரெண்டாயிரத்து எரநூத்தித் தொண்ணூறுங்க்கா."

"ஆமா. நீ தொண்ணூத்தி ஒண்ணு."

தமயந்தி திரையை எட்டிப் பார்த்தாள். அவள் பெயர். பக்கத்தில் இரண்டாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்று ஒன்று.

"இது ஜெயிச்சதுக்கப்பறம் போட்டதுங்க்கா. ஆடறப்ப நான் ஆயிரத்தி நானூறுதான்."

"இல்ல கண்ணு. ஞாயித்துக்கெழம காலையிலருந்தேன்னு தேதி போட்டு வந்திருக்குது. உனக்கு மறுமதிப்பீடு ஆகியிருக்குது. ஆடறப்பவே நீதான் மேல. மேல இருக்கறவங்க ஜெயிச்சிருக்காங்க. எப்பவும் போலத்தான்."

"அப்ப நான் ஜெயிச்சது?"

"ஜெயிச்சதுதான். யாரு இல்லேன்னா? ஆனா அதுல ஒண்ணும் விசேசம் இல்லேன்னு ஆயிப்போச்சு." ஜெயமணி சான்றிதழைத் தடவிக் கொடுத்துவிட்டுத் திருப்பி நீட்டினார். "ஒரு வருசத்துக்குள்ள மேல இருக்கற ஆள ஜெயிச்சிட்டு வந்தா, நிறுத்தினவங்களத் திருப்பி எடுத்துக்கலாம்னு ஒரு உத்தரவு இருக்குது. இந்த ஜில்லாவுல உனக்கு மேல யாரு இருக்காங்க?"

தமயந்தி யோசித்தாள். "யாரும் இல்லீங்க்கா."

மாதக் கடைசியில் அவளை நிறுத்தினார்கள். வழியனுப்பியபோது, மாவட்டத்திலேயே உயர்ந்த ரேட்டிங் உள்ள ஊழியர் என்று ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். அது உண்மையும்தான்.

அமிர்தகணேசன் அவளைத் தேடி வீட்டுக்கே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டார்.

"அம்மிணி, உங்க ஆபீஸ் சங்கதி கேள்விப்பட்டேன். என்ற கதைய கேளுங்க. எனக்கு ஒரு பாயின்ட்டும் கொறையல. தனக்கு மேல இருக்கறவங்ககிட்டத் தோத்தா இயல்புதானாம். பெத்தவங்க யாரும் பிள்ளைங்கள நிறுத்தல. போர்டக்கூட மாத்த வேண்டாம்னுட்டாங்க. அது தோல்வியே இல்லியாம்."

"நல்லதுதானுங்களே."

"எங்கங்க நல்லது? ஊரக் கூட்டி மைக்குல சொன்னேன், தோத்துட்டேன்னு. நான் தோத்ததக்கூட புடுங்கிக்கிட்டாங்க."

தமயந்தி சிரித்துவிட்டாள். வேலை போன பிறகு அன்றுதான் முதல் தடவை சிரித்தாள். காபியோடு வந்த அவள் கணவன் ஒன்றும் புரியாமல் நின்றான்.

"ஒரு ரோசனை வெச்சிருக்கேன்" என்றார் அமிர்தகணேசன். "இப்ப உங்களுக்கு நான் கீழ. அடுத்த போட்டியில நான் காய் கேப்பேன். ஆடி ஜெயிச்சேன்னா என்னையத் தூக்கி உங்களுக்கு மேல போடுவாங்க. அதுக்கடுத்த மாசம் நீங்க காய் கேளுங்க. என்னைய ஜெயிங்க. மேல இருக்கறவன ஜெயிச்ச மாதிரி ஆயிரும்."

"அப்பவும் என்னையத் தூக்கி உங்களுக்கு மேல போட்ருவாங்க."

"போடட்டும்."

"மொத ஆட்டத்துல நீங்களே தோத்தீங்கன்னா?"

"அப்பறமும் ஆடலாம்" என்றார் அவர். அது தன் யோசனையில் ஒரு ஓட்டையாகவே அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த மாதப் போட்டியும் வள்ளியம்மை மகாலில்தான். கீழே இந்த முறை கேசரிக்குப் பதில் அசோகா. மேலே முதல் மேசையில், வெள்ளை ராஜாவோடு தமயந்தி. எதிரே அமிர்தகணேசன். நடுவில் இரண்டு வெள்ளைக் கட்டங்கள் பச்சையாக ஒளிர்ந்தன: இப்போது அவளுக்கு வெற்றி.

"வேலு" என்றார் அமிர்தகணேசன், கையை உயர்த்தி.

"தெரியுமுங்க" என்ற செங்கோட்டுவேலு அந்த மரப்பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டே வந்தார். தொலைந்த குதிரை இன்னும் தொலைந்தே இருந்தது. சட்டைப் பையிலிருந்து பன்னீர்ச் செம்பை எடுத்து வைத்தார். "காலையிலயே சொல்லி வாங்கிட்டேன்."

ரிஷிகேஷும் காலையிலேயே வந்திருந்தார். முதல் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டார். தமயந்தி அவரைப் பார்த்ததும், "நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க மேடம்" என்றார் இதமாக. "தாராளமா ஆடுங்க. யார் ஜெயிச்சாங்கன்னு மட்டும் முடிஞ்சதும் சொல்லுங்க. நாங்க முன்னாடியே கணிச்சிர்றோம்."

பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"சார், இங்கயும் காய் வேணுங்க."

செங்கோட்டுவேலு திரும்பினார். பதினெட்டாம் மேசை. "ஒரே ஒரு பெட்டிதான் இருக்குது, அம்மிணி."

"நாங்க கொண்டாந்திருக்கோம்." அந்தப் பெண் பையிலிருந்து ஒரு துணி முடிச்சை அவிழ்த்தாள். புளியங்கொட்டைகள், சட்டைப் பொத்தான்கள், ஒரு விளக்குத் திரி டப்பா, இரண்டு மரச் சிப்பாய்கள்.

"எங்களுக்கும்" என்றார் நாற்பதாம் மேசைக்காரர். இன்னும் தள்ளி ஒருவர் கையை உயர்த்தியபடி, கீழே பந்தியிலிருந்து எதையெல்லாம் எடுத்து வரலாம் என்று பக்கத்து ஆளிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

ரிஷிகேஷின் விரல்கள் விசைகளின் மேல் அப்படியே நின்றன. ஒரு மேசை என்றால் பார்த்துக்கொள்ளலாம்.

தமயந்தி ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினாள். அது ஒளிர்ந்துகொண்டிருந்த கட்டத்தின் மேல் போய் நின்றது. அந்தப் பச்சை வெளிச்சம் மறைந்தது. அமிர்தகணேசன் அதைப் பார்த்தார். தன் ராணிக்கு முன்னால் நின்ற சிப்பாயை அவரும் இரண்டு கட்டம் தள்ளி, மற்ற வெளிச்சத்தையும் மறைத்தார். இரண்டு சிப்பாய்களும் ஒன்றை ஒன்று வெட்டலாம் என்ற நிலையில் நின்றன. அவள் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

ரிஷிகேஷ் மடிக்கணினியைப் பாதி மூடிவிட்டு, நடுவரின் காதருகே குனிந்தார்.

"யாருங்க ஜெயிப்பாங்க?"

செங்கோட்டுவேலு பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பாத்தாத்தானுங்க தெரியும்."